அந்த உடலை ஒருமுறைதான் திறக்க முடியும்

சட்ட மருத்துவத்துக்கும் தடய நோயியலுக்கும் பாடத்திட்டம் வகுக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

பிணவறையில்தான் என் பணிக்காலம் முழுவதும் போயிற்று. முதல் பாதியில் கத்தி என் கையில் இருந்தது. மறுபாதியில் கத்தியை மாணவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். உங்கள் பாடத்திட்டத்தில் படித்தவன், பிறகு அதையே சொல்லிக் கொடுத்தவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

பயிற்சி பெறுபவர் இத்தனை பிரேதப் பரிசோதனைகள் செய்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை வைக்கிறீர்கள். பதிவேட்டில் கட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்கிறீர்கள். சரி, எண்ணிக்கை வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்தில் மாணவரின் பக்கத்தில் யார் நின்றார் என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. நான் எழுதுவது அந்தக் கட்டத்துக்காக.

மற்ற மருத்துவத் துறைகளில் தவறு திரும்பி வந்து கதவைத் தட்டும். மருந்து சரியில்லையென்றால் நோயாளி மறுநாள் வந்து சொல்வார். தையல் பிரிந்தால் மறுபடி போடலாம். எங்கள் மேசையில் கிடப்பவர் எதுவும் சொல்ல மாட்டார். அவரை ஒருமுறைதான் திறக்க முடியும். இரண்டாவது முறை திறப்பவர், உள்ளே இருந்ததை முழுசாகப் பார்ப்பதில்லை. முதல் ஆள் வெட்டி, எடுத்து, மாற்றி வைத்துப் போனதைத்தான் பார்க்கிறார். அதனால் முதலில் தொடும் கை பழகிய கையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பழகிய ஒருவரின் கண் அதன் மேல் இருக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பயிற்சியின் முதல் ஆண்டில் ஒரு காலையில் வரிசையாக உடல்கள் வந்திருந்தன. மூத்தவர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். வீட்டில் இறந்து கிடந்த ஒரு நடுவயதுப் பெண்ணின் உடல் எனக்கு வந்தது. கணவர் மீது சந்தேகம் என்று காவலர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகு என் கண் நேராகக் கழுத்துக்குத்தான் போயிற்று. முதலில் கழுத்தையே திறந்தேன். உணவுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்பின் முன்புறத்தில் கறுத்த இரத்தம் திட்டாகப் பரவியிருந்தது. "கழுத்தின் ஆழத்தில் இரத்தக்கசிவு" என்று எழுதினேன். நான் எழுதிய அந்த ஒரு வரியை வைத்து அந்த மனிதரை நாள்கணக்கில் உட்கார வைத்து விசாரித்தார்கள்.

மூத்தவர் திரும்பி வந்து என் குறிப்பைப் படித்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மூளையை எப்போது எடுத்தாய், கழுத்துக்கு முன்பா, பின்பா?" பின்பு என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் இதயத் தமனியில் அடைப்பு இருந்தது. அது பிறகு தெரிந்தது. இரத்தத் திட்டு என் கத்தி உண்டாக்கியது. கழுத்தின் நாளங்களில் இரத்தம் நிறைந்திருக்கும்போதே அதைத் திறந்தால், அறுபடும் சிறு நாளங்களிலிருந்து இரத்தம் கசிந்து, கழுத்தை நெரித்தது போலவே ஒரு தோற்றம் தரும். பிரின்ஸ்லூ, கார்டன் என்ற இரு மருத்துவர்கள் 1951-லேயே இதை எழுதி வைத்துவிட்டார்கள். நான் படிக்கவில்லை, எனக்கு யாரும் சொல்லவுமில்லை. அந்தக் கணவர் வெளியே வந்தார். மனைவி இறந்த துக்கத்தைக்கூட அவர் விசாரணை அறையில்தான் அனுபவித்தார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு அன்று தைரியம் வரவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

கழுத்தை எப்படித் திறக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது அதில்தான் தெரியும்.

முதலில் மண்டையைத் திறந்து மூளையை எடுக்க வேண்டும். பிறகு மார்பைத் திறந்து இதயத்தையும் பெரிய நாளங்களையும் காலி செய்ய வேண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் கழுத்தின் இரத்தம் வடிந்து போகும். அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். தோளுக்குக் கீழே கட்டை வைத்தால் கழுத்து நீண்டு கொடுக்கும். தோலைத் தாடை வரை மேலே தூக்கி விட வேண்டும். அப்புறம் தசைகளை ஒவ்வொன்றாக, கீழ்ப்பிடிப்பில் விடுவித்து, புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போல மேலே மடக்க வேண்டும். ஒவ்வொரு தசையின் இரு பக்கத்தையும் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். ஒரு தாளைப் பார்க்காமல் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகுதான் குரல்வளையையும் நாக்கடி எலும்பையும் வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தடவலையும் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். நாக்கடி எலும்பின் கொம்புகள் இளம் வயதில் நடு எலும்போடு ஒட்டியிருக்காது. விரல் வைத்தால் அசையும். பழக்கமில்லாதவர் முறிவு என்று எழுதிவிடுவார். குரல்வளைக் குருத்தெலும்பின் கொம்புக்கு மேலே சிலருக்குக் கோதுமை மணி போல ஒரு தனிக் குருத்தெலும்பு இருக்கும். அதையும் முறிந்த துண்டு என்று நினைப்பார்கள். உண்மையான முறிவு என்றால் சுற்றிலும் இரத்தம் ஊறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிர் இருந்தபோது முறிந்ததற்கும், எடுக்கும்போது நம் கை முறித்ததற்கும் வித்தியாசம் காட்டுவது அதுதான். இதை எழுத எனக்கு ஒரு பத்தி போதுமாக இருந்தது. விரல் நுனிக்குக் கற்றுக்கொடுக்க ஓராண்டு ஆகும்.

தேர்ந்த நோயியல் மருத்துவராக இருந்தாலே போதாதா என்று உங்கள் கூட்டங்களில் யாராவது கேட்பார்கள். கேட்கும்போது 1963 நவம்பர் 22-ஆம் தேதி இரவை நினைத்துக்கொள்ளுங்கள். டாலஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர் கென்னடியின் உடல் பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்கு வந்தது. பிரேதப் பரிசோதனையைத் தொடங்கிய ஹியூம்ஸ், பாஸ்வெல் இருவரும் படித்த நோயியல் மருத்துவர்கள்; நோயால் இறந்தவர்களைப் பார்த்துப் பழகியவர்கள். துப்பாக்கிக் காயம் அவர்களுக்கு அன்றாட வேலை இல்லை. அதில் அனுபவம் உள்ள ஃபின்க் என்ற ராணுவ மருத்துவர் வந்து சேர்வதற்குள் வேலை தொடங்கிவிட்டது. அறை முழுக்க அதிகாரிகள் நின்றார்கள்.

முதுகின் மேல்பகுதியில் குண்டு நுழைந்த துளை இருந்தது. வெளியேறிய துளையைக் காணோம். உடலுக்குள் குண்டும் இல்லை. டாலஸில் உயிர் காக்கப் போராடிய மருத்துவர்கள், தொண்டையில் இருந்த சிறு துளையின் வழியாகவே கீறி மூச்சுக்குழாய் வைத்திருந்தார்கள். மேசையில் அது வெறும் அறுவைக் கீறலாகத் தெரிந்தது. அந்த டாலஸ் மருத்துவரிடம் ஹியூம்ஸ் பேசியது மறுநாள் காலையில். அதற்குள் உடல் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது. முதுகிலிருந்து தொண்டைக்குக் குண்டு போன பாதையை அவர்கள் அறுத்துப் பார்க்கவே இல்லை. 1970-களின் கடைசியில் நாடாளுமன்றக் குழு ஒன்று நியமித்த தடய நோயியல் நிபுணர்கள் படங்களை வைத்து ஆராய்ந்தார்கள். தலையில் குண்டு நுழைந்த இடமாக அவர்கள் குறித்ததும் அன்றிரவு குறிக்கப்பட்டதும் சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தன. ஒரு நாட்டின் அரசு முழுவதும் அந்த அறைக்கு வெளியே காத்திருந்த இரவு அது. பணத்துக்கும் கருவிக்கும் குறைவில்லை. இந்த வேலையிலேயே ஊறிய ஒருவர் தொடக்கத்திலிருந்து அங்கே இல்லை. அதனால் வந்த வினையைப் பல பத்தாண்டுகளாக மக்கள் சுமக்கிறார்கள், சந்தேகமாகவும் வதந்தியாகவும்.

அந்த இரவில் இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. போனவர்களைவிட அனுப்பியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோவில் நடந்தது இன்னும் கொடுமை. சார்லஸ் ஸ்மித் குழந்தை நோயியல் மருத்துவர். தடய நோயியலில் முறையான பயிற்சி இல்லாதவர். அப்படியிருந்தும் 1992 முதல் அந்த மாகாணத்தின் குழந்தைகள் தடய நோயியல் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சந்தேகத்துக்குரிய குழந்தை மரணம் என்றால் அவரிடம்தான் போகும். பின்னாளில் அவர் தொட்ட 45 வழக்குகளை வெளி நிபுணர்கள் ஆராய்ந்தபோது 20-இல் அவர் முடிவுகள் நிற்கவில்லை. தன் சகோதரரின் பெண் குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் 12 ஆண்டுகள் சிறையில் கிடந்தார்; 2007-இல்தான் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. இறந்த உடலில் இயல்பாக நடக்கும் மாற்றங்களையே அந்த வழக்கில் வன்கொடுமையின் அடையாளமாகப் படித்திருந்தார்கள். பிள்ளையை இழந்த அன்றே கொலைகாரர் என்று பெயர் வாங்கிய பெற்றோர் அந்த வழக்குகளில் இருக்கிறார்கள். நீதிபதி கவுட்ஜ் தலைமையில் விசாரணை நடந்து 2008-இல் அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையில் ஒரு செய்தி எனக்கு முக்கியம். 1995-இல் அங்கே மேலிடத்திலிருந்தே ஓர் அறிவுரை போயிருந்தது: குழந்தை மரணம் என்றால் தப்பு நடந்திருக்கும் என்று எண்ணியே தொடங்கு என்று. மறைந்த கொலைகள் தப்பிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அனுப்பியதுதான். ஆனால் சந்தேகத்தோடு மேசைக்கு வருபவருக்குச் சந்தேகம்தான் கண்ணில் படும். எனக்கு அன்று கழுத்து மட்டும் தெரிந்தது போல. கெட்டதை எண்ணித் தொடங்காதே, உண்மையை எண்ணித் தொடங்கு என்பது அறிக்கை சொன்ன மாற்று. இதைப் பாடத்திட்டத்தின் முன்னுரையில் எழுதிவிட்டுப் போனால் பயனில்லை. முதலில் உடலை வெளிப்புறமாக முழுசாகப் பார்த்து, பார்த்ததை எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகு காவலர் சொல்லும் கதையைக் கேட்கும் பழக்கத்தை மேசையருகே உண்டாக்க வேண்டும். கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

நம் துறையின் வரலாற்றை முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் சொல்லி முடித்துவிடுகிறோம். பெயர், ஆண்டு, தேர்வில் ஒரு மதிப்பெண். அதைவிட அதிகமாக அதில் எடுத்துக்கொள்ள இருக்கிறது. சீனத்தில் சோங் சி 1247-இல் மரண விசாரணைக்குக் கையேடு எழுதியபோது, அதிகாரி நாற்றத்துக்கு அஞ்சி ஒதுங்கி நிற்காமல் தானே நேரில் போய் உடலைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1302-இல் இத்தாலியின் பொலோனியாவில் நஞ்சு வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் உடலை நீதிமன்ற ஆணைப்படி பார்த்தோலோமியோ தா வரிஞானாவும் வேறு சில மருத்துவர்களும் சேர்ந்து திறந்தார்கள். நஞ்சு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று, "இல்லை" என்று சொன்ன ஆவணம். அதுவும் பலர் கூடி நின்று பார்த்துச் சொன்னது. எனக்கு அதில் ஒரு நிறைவு.

நியூயார்க் நகரத்தில் 1918 வரை மரண விசாரணை அதிகாரியைத் தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள். சாராயக் கடை வைத்திருந்தவர், குழாய் வேலை பார்த்தவர், பால் விற்றவர் என்று பலரும் அந்தப் பதவியில் உட்கார்ந்தார்கள். அதை ஒழித்துவிட்டு சார்லஸ் நோரிஸ் என்ற மருத்துவரைத் தலைமைப் பரிசோதகர் ஆக்கினார்கள். அவர் கெட்லர் என்ற வேதியியல் அறிஞரை உடன் வைத்துக்கொண்டார்.

1926-இல் புரூக்ளினில் திராவியா என்ற துறைமுகத் தொழிலாளி, ஒரு பெண்ணின் உடல் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும்போது காவலரிடம் மாட்டினார். மீதி உடல் அவர் வீட்டில் இருந்தது. குடித்துவிட்டுச் சண்டை போட்டோம், நான்தான் கொன்றிருப்பேன் என்று அவரே நம்பினார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, ஆளும் ஒப்புக்கொண்டாயிற்று. வேறென்ன வேண்டும்? ஆனால் மேசையில் கிடந்த உடலின் நிறம் சரியில்லை. செந்நிறமாக இருந்தது. இரத்தத்தைப் பரிசோதித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு. அடுப்பில் வைத்த காப்பி பொங்கித் தீயை அணைத்துவிட, எரிவாயு அறை முழுக்கப் பரவி அந்தப் பெண் இறந்திருந்தார். விழித்துப் பார்த்தவர் தான் கொன்றுவிட்டதாகப் பயந்து உடலை மறைக்கப் பார்த்திருக்கிறார். கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார். உடலை வெட்டியதற்கு மட்டும் தண்டனை. என் மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கும் நாளில் அந்த நிறத்தை நீ பார்த்திருப்பாயா என்று கேட்பேன். பலர் உடனே பதில் சொல்வார்கள். யோசித்துவிட்டுச் சொல்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அதே காலத்தில் லண்டனில் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி என்ற தடய நோயியல் மருத்துவர். 1910-இல் மனைவியைக் கொன்றதாகக் கிரிப்பன் என்பவர் மேல் நடந்த வழக்கில் சாட்சி சொல்லிப் புகழ் பெற்றவர். ஆயிரக்கணக்கான உடல்களைப் பார்த்தவர், உழைப்பாளி, கூர்மையானவர். அவர் கூண்டில் ஏறினால் நடுவர்கள் வேறு யார் பேச்சையும் கேட்க மாட்டார்கள் என்ற நிலை வந்தது. ஆனால் தன் முடிவுகளைச் சக மருத்துவர்களின் பரிசீலனைக்கு வைப்பதில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. மாணவர்களை உருவாக்கவில்லை. பாடநூல் எழுதவில்லை. அவ்வளவு அனுபவமும் அவரோடு போயிற்று. அவர் சாட்சியத்தின் பேரில் வந்த தீர்ப்புகள் சிலவற்றைப் பின்வந்தவர்கள் கவலையோடு திரும்பிப் பார்க்கிறார்கள். தனியாக வேலை செய்யும் மேதை நம் துறைக்கு ஆபத்து.

இதற்கு நேர் எதிரில் நான் வைக்கும் மனிதர் வியன்னாவின் யாக்கோப் கொலெச்கா. சட்ட மருத்துவப் பேராசிரியர். 1847-இல் பிரேதப் பரிசோதனையின்போது பக்கத்தில் நின்ற மாணவரின் கத்தி தவறி அவர் விரலில் பட்டது. சில நாட்களில் இரத்தம் நஞ்சாகி இறந்தார். அவருடைய உடலின் பரிசோதனைக் குறிப்பைப் படித்த அவருடைய நண்பர், பிரசவ மருத்துவர் செம்மல்வைஸ், பிரசவ வார்டில் தாய்மார்களைக் கொன்றுகொண்டிருந்த காய்ச்சலில் பார்த்த அதே மாற்றங்களை அதில் கண்டார். பிணவறையிலிருந்து மருத்துவர்களின் கையோடு ஏதோ ஒன்று பிரசவ வார்டுக்குப் போகிறது என்று அங்கேதான் பிடிபட்டது. கை கழுவும் வழக்கம் அங்கிருந்து தொடங்கியது. கத்தி பழகாத மாணவரின் பக்கத்தில், அதுவும் விரல் எட்டும் தூரத்தில், ஒரு பேராசிரியர் நின்றிருந்தார். நான் கேட்கும் இடம் அதுதான்.

ஜெர்மனியில் சட்டமே நீதிமன்றப் பிரேதப் பரிசோதனைக்கு இரண்டு மருத்துவர்கள் வேண்டும் என்கிறது. கடைசி நோயில் வைத்தியம் பார்த்தவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது. ஸ்காட்லாந்திலும் குற்ற வழக்கு என்றால் இருவர் நிற்பது வழக்கம். ஆள் போதாது என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். எல்லா உடலுக்கும் இருவர் வேண்டாம். பயிற்சியில் இருப்பவர் கத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது ஒருவர் இருக்கட்டும். ஆள் போதாத இடத்தில் ஒருவர் செய்யும் பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தடய மருத்துவர் சங்கம் ஒருவர் ஆண்டுக்கு 250 பிரேதப் பரிசோதனைகளுக்கு மேல் செய்வது நல்லதல்ல என்கிறது. 325-ஐத் தாண்டினால் அந்த அலுவலகத்தின் அங்கீகாரத்துக்கே சிக்கல். ஒரே காலையில் எட்டு, பத்து என்று முடிப்பவர் எதைக் கற்றுக்கொள்வார்? வேகத்தைக் கற்றுக்கொள்வார். வேகம் வந்தபின் அது போகாது.

அடுத்தது, தெரியவில்லை என்று எழுதக் கற்றுக்கொடுப்பது. இதைப் பாடமாகவே வையுங்கள். இறப்பின் காரணம் தீர்மானிக்க இயலவில்லை என்று எழுதும் மாணவரைத் தேர்வாளர்கள் இன்னும் தோல்வியாகப் பார்க்கிறார்கள். இறந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் வெப்பத்தை வைத்து நேரம் கணிக்கும் முறைகளில் மிகக் கவனமாக வடித்தது ஹென்ஸ்கேயின் வரைபடம். சுற்றுப்புற வெப்பம், உடல் எடை, உடுத்தியிருந்த துணி எல்லாம் சரியாகத் தெரிந்திருந்தால்கூட, முன்னும் பின்னுமாக 2.8 மணி நேரத்துக்குக் குறையாமல் இடம் விடச் சொல்கிறது. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் அகலமான ஒரு சாளரம் அது. அதற்குள் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டு என்று வழக்கறிஞர் கேட்பார். முடியாது என்று அமைதியாகச் சொல்ல ஒரு தெம்பு வேண்டும். அதைக் கூண்டில் ஏறும் நாளில் வரவழைக்க முடியாது. பயிற்சிக் காலத்திலேயே மூத்தவர் சாட்சி சொல்லும்போது மாணவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மாதிரிக் குறுக்கு விசாரணையில் தடுமாறி, மறுபடி நின்று பழக வேண்டும்.

அறிக்கையின் மொழியையும் பாருங்கள். முதுகில் கருநீலமாகப் பரவியிருப்பது இறந்தபின் இரத்தம் கீழே இறங்கித் தங்கியதா, அடிபட்ட கன்றலா? கீறிப் பார்த்தால் தெரியும். தங்கிய இரத்தம் நாளங்களுக்குள் இருக்கும், துடைத்தால் போகும். கன்றலில் திசுவுக்குள் ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது. மாணவர் கீறிப் பார்க்கிறார், சரியாகவே முடிவெடுக்கிறார், ஆனால் கீறிப் பார்த்தேன் என்று அறிக்கையில் எழுதுவதில்லை. பத்தாண்டு கழித்துப் படிப்பவருக்கு அவர் பார்த்தாரா, ஊகித்தாரா என்று எப்படித் தெரியும்? இல்லாததையும் தேடினேன், இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். படத்தில் அளவுகோல் வைக்கச் சொல்லுங்கள். உயிரை எடுத்ததாகச் சந்தேகிக்கப்படும் கை அரசின் கையாக இருக்கும்போது இது இன்னும் முக்கியம். ஐக்கிய நாடுகள் சபையின் மினசோட்டா நெறிமுறை 1991-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்டதே, காவலிலும் மோதலிலும் நேரும் மரணங்களை எப்படிப் பரிசோதிப்பது என்று சொல்வதற்காகத்தான். அதை வாசிக்காமல் ஒருவர் பட்டம் வாங்கிவிட முடிகிறது என்றால் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது.

சம்பவ இடத்துக்கு மாணவரை அழைத்துப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும். ஃபிரான்செஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940-களில் மரணம் நடந்த அறைகளைப் பொம்மை வீடுகளாகச் செய்து, ஓர் அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கி, காவலர்களைப் பார்க்க வைத்துப் பயிற்சி கொடுத்தார். நாள்காட்டியின் தாள் முதல் சாவி வரை எல்லாம் உண்மை போல இருக்கும். தொடாமல் பார்க்கப் பழக்கினார். அவை இன்றும் பால்டிமோரில் இருக்கின்றன, இன்றும் அவற்றை வைத்துப் பாடம் நடக்கிறது. இடத்துக்குப் போக முடியாத பயிற்சி நிலையங்கள் ஒரு மாதிரி அறையாவது வைக்கலாமே.

பிணவறை உதவியாளர்களை உங்கள் திட்டத்தில் எங்கும் காணோம். எனக்கு மண்டையோட்டை மூளையின் உறை கிழியாமல் திறக்கக் கற்றுத்தந்தவர் ஒரு பேராசிரியர் இல்லை, அப்படி ஓர் உதவியாளர்தான். ரம்பத்தின் சத்தம் மாறும்போது நிறுத்து என்பார். அந்தச் சத்தத்தை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சான்றிதழ் இல்லை, பதவி உயர்வு இல்லை, பெயர்கூட எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்களுக்கும் பயிற்சி, தடுப்பூசி, தரமான கையுறை, முறையான பணி நிலை எல்லாம் வேண்டும். இன்னொன்று: உதவியாளர் உடலைத் திறந்து வைக்க, மருத்துவர் தள்ளி நின்று எட்டிப் பார்த்து எழுதும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்துங்கள். பழி உதவியாளர் மேல் விழும், கையெழுத்து மருத்துவருடையதாக இருக்கும்.

குடும்பத்தாரிடம் பேசுவதையும் மறந்துவிடாதீர்கள். நீந்திக்கொண்டிருந்தபோது திடீரென்று மூழ்கிப் போன ஓர் இளைஞனின் உடல் எங்களிடம் வந்தது. நீரில் மூழ்கி இறந்தான் என்று எழுதி முடித்திருக்கலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவன், ஆழமில்லாத இடம். இதயத்தைக் கண்ணால் பார்த்தால் குறையில்லை. என் மாணவி அவனுடைய தாயிடம் உட்கார்ந்து பேசினாள். குடும்பத்தில் இப்படி வேறு யாராவது, மயக்கம் போட்டு விழுந்தவர்கள், இளம் வயதில் போனவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாள். இருந்தார்கள். மரபணுச் சோதனைக்காக இரத்தம் எடுத்து வைத்திருந்தோம். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் பிறவிக் குறை. நீந்தும்போது அது தூண்டப்படும் வகை. அவனுடைய தங்கைக்கும் அதே குறை இருந்தது. அவளுக்கு மருந்து தொடங்கினார்கள். அந்தத் தாயிடம் அப்படிப் பேச எந்தப் பாடத்திட்டமும் என் மாணவிக்குச் சொல்லித்தரவில்லை. அவளுக்கு இயல்பாக வந்தது. எல்லாருக்கும் இயல்பாக வராது.

கேட்பதைக் கேட்டுவிட்டேன். பதிவேட்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள்: உடன் நின்றவர் பெயர். தொடக்கம் முதல் முடிவு வரை நின்றாரா, இடையில் வந்தாரா என்றும் ஒரு கட்டம். பெயர் எழுத ஆள் இல்லாத பிரேதப் பரிசோதனையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அதனால் பயிற்சி நீண்டால் நீளட்டும். சேர்க்கும் இடங்கள் குறைந்தால் குறையட்டும். அதற்கான சம்பளமும் ஆசிரியர் பணியிடங்களும் கேட்டு நீங்கள் போராடினால், நானும் என்னைப் போல ஓய்வுபெற்றவர்களும் உங்கள் பக்கம் நிற்போம். மேசையருகே நிற்கக் கூப்பிட்டாலும் வருவோம். கால் வலிக்கும், ஆனால் கண் இன்னும் தெரிகிறது.

திருத்திய வரைவு வெளிவரும்போது முதல் வேலையாகக் கழுத்துப் பகுதிக்கான பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பேன். மூளையை முதலில் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதா, அதைச் சொல்லித்தர ஒருவர் நிற்க வேண்டும் என்று அதன் கீழே இருக்கிறதா என்று.

இப்படிக்கு,
பிணவறையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்